முப்பத்துமூன்றாவது சுற்று

எனக்கு மூத்தவளான ராத்தாவுக்கு உயர்தரப் பௌதிகவியலில் ஒரு செய்முறையை வீட்டுவேலையாகக் கொடுத்திருந்தார்கள். பேனைக் குழாய்க்குள் தங்கூசி என்னும் நைலான் இழையைச் செலுத்தி, மேல் நுனியில் ஒரு ரப்பர் மூடியும் கீழ் நுனியில் ஈயக்குண்டுகளும் கட்டி, தலைக்கு மேலே சுழற்ற வேண்டும். மூடி கிடைவட்டத்தில் சுற்றும். முப்பது சுற்றுக்கு எடுத்த நேரத்தை வைத்துக் கணித்தால், மூடியை உள்ளே இழுக்கும் விசை கீழே தொங்கும் ஈயத்தின் நிறைக்குச் சமமாக வர வேண்டும். ஈயம் வாப்பாவின் மீன்வலையிலிருந்து வந்தது. அவரிடம் கேட்டுத்தான் எடுத்தோமா என்பது எனக்கு நினைவில்லை.

மறுநாள் கொப்பியைப் பௌதிகவியல் சேரிடம் காட்ட வேண்டும். முந்திய இரண்டு செய்முறைகளும் பிழையாகப் போயிருந்தன. இதுவும் பிழையானால் டியூஷனை நிறுத்திவிடுவதாக வாப்பா சொல்லியிருந்தார். அப்படிச் சொல்லவைத்தவர் மாமா. அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தவர், முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"இதென்ன புள்ள, காகம் வெரட்டுறியா? இதுக்கு ஏஎல் படிக்கணுமா?"

"தேத்தண்ணி ஆறுது காக்கா, பேசாமக் குடிங்க" என்று தன் அண்ணனிடம் சொன்னார் உம்மா.

ராத்தா வலது கையால் சுழற்றினாள். இடது கையில் போன், அதில் நேரம் ஓடியது. எண்ணுவது ஒன்பது வயதுக்காரியான என் வேலை. முப்பதில் 'போதும்' என்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்ததோ தொழுகைக்குப் பிறகு தஸ்பீஹ் எண்ணும் முறை ஒன்றுதான். விரலுக்கு மூன்று கணு, பத்து விரலும் முடிந்தால் முப்பது, பிறகு சின்னி விரலுக்குத் திரும்பி இன்னும் மூன்று. கை தன்பாட்டில் திரும்பிவிட்டது. "போதும்" என்று சொன்ன வாய் மூடுவதற்குள் எனக்குப் பிழை தெரிந்துவிட்டது. மூன்று சுற்றுத்தானே என்று பேசாமல் இருந்தேன்.

விசை, ஈயத்தின் நிறையில் ஆறில் ஐந்து பங்குகூட வரவில்லை. ராத்தா மூன்று தரம் அழித்து எழுதினாள். கடதாசி தேய்ந்து ஓட்டையானது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"எத்தின எண்ணின?"

"முப்பது."

"வடிவா யோசிச்சுச் சொல்லு."

"முப்பதுதான் ராத்தா. அல்லாஹ் மேல..."

பென்சில் பிடித்த கையாலேயே என் வாயைப் பொத்தினாள். "சத்தியம் பண்ணாத. சரி, முப்பதுதான்."

கொப்பி மூலையில் எதையோ எழுதிப் பார்த்து உடனே அழித்தாள். "வா, இப்ப நீ சுத்து. நான் எண்ணுறன்."

மூடி நாலு தரம் மாமாவின் தலையை உரசிப் போனது. அவர் கதிரையோடு உள்ளே போய்விட்டார். ஐந்தாவது தரம் ஒழுங்காகச் சுற்றியது, கணக்கும் ஏறக்குறையச் சரியாக வந்தது. சேர் சரி போட்டார், டியூஷன் நிற்கவில்லை. ராத்தா என்னை நம்பிவிட்டாள் என்றும், நன்றாக எண்ணியதற்குப் பரிசாகவே சுற்றத் தந்தாள் என்றும் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

போன கிழமை என் மகளிடம், குர்ஆன் ஓதிவிட்டாயா என்று கேட்டேன். ஓதவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. "ஓம் உம்மா, அல்லாஹ் மேல..." என்று தொடங்கினாள். என்னை அறியாமல் என் கை அவள் வாய்க்குப் போய்விட்டது. கண்டித்திருக்க வேண்டுமோ என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ராத்தா கொப்பி மூலையில் எந்த எண்ணை எழுதி அழித்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.