சொல்லிக்கொள்ளாமல் எழுந்தவர்

பிள்ளை உண்டாகிப் பன்னிரண்டு வாரம் முடிந்ததும் பெரம்பலூரில் ஸ்கேன் எடுத்தோம். கழுத்துப் பின்புறம் சரி, மூக்கெலும்பு சரி என்று சொல்லிக்கொண்டே வந்த டாக்டரம்மா இதயத்துக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். வலப்பக்க வால்வில் கொஞ்சம் ரத்தம் பின்னால் கசிகிறதாம்.

“இது நோய் இல்லம்மா, ஒரு அடையாளம்தான். இது இருக்குற புள்ளைங்க நெறைய பேரு நல்லாவே பொறக்குறாங்க. சில புள்ளைங்களுக்குக் குறை இருக்கலாம். ரத்தம் எடுத்துப் பாத்துடுவோம்,” என்றார்.

ரத்தம் கொடுத்துவிட்டு அரியலூர் பஸ் ஏறினோம். ஏறியதும் என் வீட்டுக்காரர் அவர் அம்மாவுக்குப் போன் போட்டார். “புள்ளைக்கு ஹார்ட்டுல ஓட்டையாம்மா.” மோட்டார் ரிப்பேர் பார்க்கிற மனுஷன், கசிவு என்றால் அவருக்கு ஓட்டைதான். போனைப் பிடுங்கலாமா என்றிருந்தது.

வீட்டு வாசலில் ஒரே செருப்பாகக் கிடந்தது. உள்ளே சொந்தக்காரப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வா என்று கூப்பிடவில்லை. மாமியார் என் துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்திருந்தார்.

“நாளைக்கே போயி கலைச்சுட்டு வந்துடலாம். வயசு இருக்கு, இன்னொண்ணு பொறக்கும்,” என்றார்.

என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

அப்போது சின்ன மாமியார் எழுந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் வாசலுக்கு நடந்தார். மோர் வாங்க வந்தால்கூட நாலு தடவை ‘போயிட்டு வரேன்’ சொல்கிறவர். சாவு வீட்டிலிருந்துதான் எங்களில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவார்கள். அது அப்போதுதான் உறைத்தது. காலையில் திரையில் கையை ஆட்டிக்கொண்டிருந்த பிள்ளைக்கா துக்கம் கேட்டுவிட்டுப் போகிறார்?

ஓடிப்போய்க் கதவை மறித்தேன்.

“சின்னத்தை, சொல்லிட்டுப் போங்க.”

அவர் திரும்பி மாமியாரைப் பார்த்தார்.

“அவங்கள ஏன் பாக்குறீங்க? எம்புள்ள உசுரோட இருக்கு. சொல்லிட்டுப் போங்க!”

“போயிட்டு வரேம்மா,” என்றார், குரல் எழும்பாமல். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டுதான் படியிறங்கினார்கள்.

மாமியார் மட்டும் அசையாமல் நின்றார்.

“ரத்த ரிசல்ட்டு வரட்டும் அத்தை. மத்தத அப்பறம் பேசுவோம். இந்த வூட்டுல இன்னும் யாரும் சாவல,” என்றேன்.