ஆளில்லாமல் காய்த்த தோட்டம்

மழை பிடித்துக்கொண்டால் வாண்டெகெயா கடைத்தெருவில் நபுக்கீராவின் தட்டச்சுக் கடை நிறைந்துவிடும். ஒரே ஒரு தாளை நகல் எடுக்க வந்தவர்கள்கூட மழை விடும்வரை கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலே ஓடும் கணினி விளையாட்டுகளைக் கடைக்குள் கொண்டுவந்ததும் அவர்கள்தான். ஒருவர் திரையில் ரொட்டி வேகும், இன்னொருவர் திரையில் யாரோ சுரங்கம் தோண்டுவார்கள். உட்கார்ந்திருப்பவர் கன்னத்தில் கைவைத்து எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். முதலில் மாணவர்கள் ஆடினார்கள், பிறகு வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டிகள், கடைசியில் ஞானஸ்நானச் சான்றிதழ் அடிக்க வரும் கோயில் குமாஸ்தாவும் அதில் விழுந்தார். வேலைவெட்டி இல்லாதவர்களுக்கு ஏற்ற விளையாட்டு என்று நபுக்கீரா சொல்லிச் சிரித்தாள்.

அவள் வாழ்க்கையில் சும்மா இருந்த நாள் கிடையாது. கன்னியாஸ்திரீகளிடம் தட்டச்சு கற்றாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின், ஊரார் பட்டம் வாங்க அவர்களுடைய ஆய்வேடுகளை அடித்துக் கொடுத்தே தம்பி செபோவாவை ஆளாக்கினாள். கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நாமும் விட்டுவிடுவோம். தம்பி வளைகுடாவுக்குக் காவல் வேலைக்குப் போக விண்ணப்பம் அடித்துக் கொடுத்ததும் அவள்தான். ஒரு பிழை இல்லாமல் அடித்திருந்தாள்.

போன இடத்தில் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். ஆனால் காவல் கூண்டில் ஒரு கணினி இருந்தது. கடிதம் எழுதினால் மேலாளர் படிப்பார், விளையாட்டை அவர் கண்டுகொள்ளவில்லை. வார விடுப்பில் இரவல் கைப்பேசியில் அழைத்து, தன் பெயரில் ஒரு வாழைத்தோட்டம் திறந்திருப்பதாகச் செபோவா சொன்னான். கடவுச்சொல்லையும் கொடுத்தான். "நான் களையெடுக்கிறேன், நீ குலை வெட்டுக்கா. தோட்டம் நல்லாருந்தா நான் நல்லாருக்கேன்னு வச்சுக்கோ."

அப்படியே நடந்தது. காலையில் கடை திறந்ததும் அவள் பார்ப்பாள். களை போயிருக்கும், ஒரு கன்று புதிதாக நின்றிருக்கும். வேலையில்லாதவர்களின் விளையாட்டு என்று சிரித்தவள் முதல் வேலையாக அதைத்தான் திறந்தாள். திறந்ததும் திரையில் ஒரு செய்திப் பெட்டி குதித்து வந்து நிற்கும். நாள் முழுக்க அடுத்தவர் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு இப்படிக் குதிக்கிற பெட்டிகள் எத்தனையோ. எதையும் படிக்கமாட்டாள், கை தானாகப் போய் மூடிவிடும்.

பிறகு அழைப்பு நின்றது. ஆனால் தோட்டம் நிற்கவில்லை. முன்னைவிடச் செழித்தது. சொந்த ஊரான ம்பிகியில் இருந்த தம்பி மனைவி நக்கான்வாகி ஞாயிறுதோறும் அழைத்து, அனுப்பிவைத்த நிறுவனத்தில் போய்க் கேட்போமா என்பாள். வேண்டாம், கேட்டால் அவன் வேலைக்குத்தான் ஆபத்து என்று நபுக்கீரா தடுத்தாள். அவள் மண்ணில் புழுதி அளைந்து வளர்ந்தவள். ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் வாழை என்ன கதிக்கு ஆளாகும் என்று அவளுக்குத் தெரியும். கை படாமல் எந்தத் தோட்டமும் இப்படிக் காய்க்காது.

"அவன் கை பட்டுக்கிட்டேதான் இருக்கு. என் கண்ணால பாக்குறேன். அழாத."

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள், மோட்டார் சைக்கிள் ஓட்டும் முக்கீபி ஈரச் சட்டையோடு வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றான். அந்தத் தோட்ட விளையாட்டில் ஊறிப்போனவன் அவன். திரையைப் பார்த்ததும் சீட்டியடித்தான்.

"யாரு தோட்டம்கா இது? இத்தனை கூலியாளுங்களை வாங்கிப் போட்டுட்டு முதலாளி எங்க தூங்குறாரு?"

தம்பியுடையது, அவன் தினமும் வந்து பார்த்துக்கொள்கிறான் என்றாள்.

"யாரும் வரவேண்டாம்கா. ஒருதடவை ஆள் போட்டாச்சுன்னா அதுபாட்டுக்குக் காய்க்கும். முதலாளி செத்தே போனாலும் காய்க்கும். இந்த விளையாட்டே அதுதானே."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நபுக்கீராவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். கூலியாட்களை எப்போது வாங்கியது என்று பார்க்க முடியுமா என்று கேட்டாள். முக்கீபி ஒரு மூலையைத் தட்டிக் காட்டினான். ஈஸ்டருக்கு முந்தின வாரம். அதற்குப் பிறகு செபோவாவின் கை அங்கே படவே இல்லை. அக்காவுக்கு வேலை குறையட்டும் என்று, வைத்திருந்த குலைகளையெல்லாம் விற்று ஆள் போட்டிருக்கிறான் பாவி.

அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டு, நக்கான்வாகியையும் வரச்சொல்லி நிறுவனத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டுத் தலை நிமிராமல் சொன்னார். ஈஸ்டர் வாரத்தில் வாயிலருகே லாரி மோதி இறந்துபோனார், வீட்டு எண்ணுக்கு ஆள் கிடைக்கவில்லை, உரிமை கோரி யாரும் வராததால் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். யாரும் வராததால் என்று நபுக்கீரா ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். வரவிடாமல் தடுத்தவள் அவள்தானே.

உடல் வராத சாவுக்கு வாழைத்தண்டைப் புதைப்பது வழக்கம். ம்பிகியில் வீட்டுக்குப் பின்னால் தண்டு வெட்டப் போனார்கள். நக்கான்வாகி பூப்பண்ணைக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்ததால் அங்கிருந்த செபோவாவின் நிஜத் தோட்டத்தைப் பார்க்க ஆளில்லை. இடுப்புயரம் களை. காய்ந்த சருகு தொங்க, மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. தண்டு ஒன்று தேறுவதற்கே நெடுநேரம் தேடவேண்டியிருந்தது.

"நீங்க ஒரு தடவ இங்க வந்து பாத்திருக்கலாம்கா," என்றாள் நக்கான்வாகி. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

தண்டை மரப்பட்டைத் துணியில் சுற்றி, ஆளைக் கிடத்துவதுபோலக் குழியில் கிடத்தினார்கள். நபுக்கீராவுக்கு அழுகை வரவில்லை. சுற்றியிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சடங்கு முடிந்து அவள் கடையைத் திறந்த அன்றும் மழை. ஆட்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். கணினியைப் போட்டுத் தோட்டத்தைத் திறந்ததும் பெட்டி குதித்து வந்தது. மூடப்போன கையை இழுத்துக்கொண்டு முதல்முறையாகப் படித்தாள்.

"நல்வரவு, செபோவா! இந்தத் தோட்டம் கடைசியாக மூடப்பட்ட பிறகு இங்கே யாரும் வரவில்லை. நீங்கள் இல்லாமலே உங்கள் தோட்டம் நன்றாகக் காய்த்திருக்கிறது."

ஈஸ்டரிலிருந்து தினமும் காலையில் இதைத்தான் சொல்லியிருக்கிறது. அவள் தினமும் மூடியிருக்கிறாள்.

நகலுக்கு நின்றவர்கள் கூப்பிட்டார்கள். அவள் காதில் விழவில்லை. கூலியாட்களை ஒவ்வொருவராக நீக்கத் தொடங்கினாள். நிச்சயமாகவா என்று ஒவ்வொரு முறையும் கேட்டது. ஒவ்வொரு முறையும் படித்துப் பார்த்து, ஆம் என்று அழுத்தினாள். கடைசி ஆளும் போனதும், ஏறிக்கொண்டே இருந்த எண் நின்றது.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாய்விட்டு அழுதாள். மற்றத் திரைகளில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது.