பொன்னாடைக்காக எழுந்த அமெரிக்கர்

எல்லோருடைய வசனத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு, சபைக்குக் கேட்காமல் நடிகருக்கு எடுத்துக்கொடுப்பதுதான் என் வேலை. படுதா ஓரம் கொசுக்கடியில் நின்றவர்களுக்கு அது தெரியும். நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு, பி.ஏ. முடித்த கையோடு காலடிப்பேட்டை நாடகக் குழுவில் அந்த இடம் தோதாக அமைந்தது.

நம்ம பேஜாரு

நூறு வருடங்களுக்கும் முன்பு அமெரிக்காவில் ஒரு நடிகர், தானே நாடகம் எழுதி, தானே நடித்து, கையில் காசில்லாமல் ரயிலிலும் படகிலும் ஊர் ஊராக அலைந்திருக்கிறார். நூலகத்தில் படித்த அவர் வாழ்க்கையை நாடகமாக எழுதி, குழுவை நடத்தும் ஏழுமலை அண்ணனிடம் கொடுத்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். எப்போதும் அவர்தான் கதாநாயகன். படித்துவிட்டுச் சொன்னார்: "ஆளு அமெரிக்கா, பேஜாரு நம்மளுது. போடலாம் தங்கச்சி. ஜனம் பாதில எழுந்து போச்சுன்னா, அடுத்த வருசம் பழையபடி ராஜா கதைதான்."

பெயர் சொல்லாத மனைவி

அமெரிக்கரின் மனைவி அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அந்த வேடம் போட்ட கஸ்தூரி அக்கா ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் இருமினார். மூன்றாவது இருமலில் நான் நிமிர்ந்து பார்த்தேன். "இன்னா பாப்பா பாக்குற? மொத வரிசைல என் மாமியாரு குந்திகினு இருப்பாங்க. புருசன் பேரச் சொன்னா நாடகம் இங்க முடியாது, எங்க வூட்ல போய்த்தான் முடியும்."

சாவுக் காட்சி

கல்மண்டபம் பக்கம் தெருவிழா. அமெரிக்கர் சாகக் கிடக்கிறார். ஒருவரும் எழுந்து போகவில்லை. கடைசி வசனத்துக்கு முன்னால் விழாத் தலைவர் மைக்கும் பொன்னாடையுமாக மேடையேறிவிட்டார். ஏழுமலை அண்ணன் எழுந்து உட்கார்ந்து, கும்பிட்டு, பொன்னாடையோடு மறுபடி படுத்தார். படுத்தவருக்கு வசனம் மறந்துவிட்டது.

எடுத்துக்கொடுத்தேன். கைதட்டலில் அவருக்குக் கேட்கவில்லை. பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து வேட்டியைத் தட்டினார்கள். என் நாடகம் போகிறதே என்ற பதற்றத்தில் அமெரிக்கரின் கடைசி வசனத்தை உரக்கவே சொல்லிவிட்டேன்: "திரைய இழுக்காதீங்க. எனக்கு இன்னும் ஒரு வசனம் பாக்கி இருக்கு." தலைவர் தன் மைக்கைப் படுதா ஓரம் வைத்துவிட்டுப் போனது எனக்குத் தெரியாது. தெரு முழுக்க என் குரல். கஸ்தூரி அக்கா ஒரு நொடி திகைத்து, வானத்தைப் பார்த்து, "சொல்லுங்க, கேட்டுகினுதான் கீறேன்" என்று அழுதார். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

முடிந்ததும் மீன் விற்கும் அம்மா ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்தார். "உசுரு தனியா நின்னு பேசுச்சு பாரு, கண்ணுல தண்ணி வந்துச்சு. ஆனா பொன்னாடைக்கு எழுந்தவன் அப்படியே பொழச்சிருக்கலாம்."

அடுத்த வருடமும் என் நாடகம்தான் என்று முடிவானதும் நான் எழுதிய முதல் வரி, பொன்னாடைகள் எல்லாம் கதாநாயகன் உயிரோடு இருக்கும்போதே போர்த்தப்பட வேண்டும் என்பதுதான்.