மோட்டார் மாமாவின் அறுபது சதவீதம்

ஊரில் யார் வீட்டில் தண்ணீர் ஏறாவிட்டாலும் மோட்டார் மாமாவைத் தேடித்தான் ஆள் வரும். அவர் வீட்டு மோட்டார் மட்டும் இரண்டு வருஷமாகக் கெட்டுக் கிடந்தது. கேட்டால் "நாளைக்குப் பார்க்கிறேன்" என்பார். மாடிக்கு வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தது அவர் மனைவி.

ஒரு நாள் மாமாவுக்கு நெஞ்சைப் பிடித்தது. டாக்டர் அவரை இடப்பக்கமாகப் படுக்கவைத்து, சில்லென்று பசையைத் தடவி, ஸ்கேன் கருவியை நெஞ்சில் வைத்து அழுத்தினார். திரையில் இதயம் துடித்தது.

"ரத்தத்தைத் தள்ளுறது அறுபது சதவீதம். நல்லா இருக்கு. இது வெறும் வாய்வு."

நூறில் அறுபதை மட்டும் தள்ளுகிற பம்பை மாமா நேரே பழைய இரும்புக்கடைக்கு அனுப்புகிறவர். டாக்டர் எதையோ மறைக்கிறார் என்று முடிவுகட்டி, வீட்டுக்கு வந்து சாக ஆரம்பித்தார். ஸ்பானர் செட்டை மச்சானுக்கு எழுதிவைத்தார். மாடிக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. குளிக்க வெந்நீரும் அங்கேயே ஏறியது.

நாலாம் நாள் மனைவிக்குப் பொறுமை போயிற்று. "ஏங்க, சாகிறதுன்னா சாவுங்க, இல்லன்னா எழுந்திரிங்க. எதுன்னு டாக்டர்கிட்டயே கேட்டுருவோம்."

டாக்டர் சிரித்தார். "யார் இதயமும் மொத்தமா காலியாகாது. ரொம்பி நிக்கிற ரத்தத்துல ஒவ்வொரு துடிப்புக்கும் பாதிக்கு மேல தள்ளும். மிச்சம் உள்ளயே நிக்கும். அம்பத்தஞ்சு, அறுபதுன்னா அருமை."

"அதானே, உள்ள தண்ணி நிக்கலன்னா பம்ப் காத்து வாங்கிடுமே" என்று மாமா ஏதோ தானே கண்டுபிடித்தவர்போல விளக்கத் தொடங்கினார்.

டாக்டர் அதைக் கேட்கவில்லை. கிளினிக்குக்கு ஒரு மாடி ஏறியதற்கே மூச்சு வாங்கி உட்கார்ந்திருந்த மனைவியின் வீங்கிய பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க வந்து படுங்கம்மா."

"அவளா? என்னையும் தூக்கிட்டு மாடி ஏறுவா டாக்டர்."

திரையைப் பார்த்து டாக்டர் சொன்னார்: "முப்பத்தஞ்சு."

இந்த முறை மாமாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மருந்தில் தேறும், பாரம் மட்டும் தூக்கவே கூடாது என்றார் டாக்டர். மாமாவுக்குப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் பழக்க தோஷத்தில் வாளியை எடுத்தாள். மாமா அதைப் பிடுங்கி வைத்துவிட்டு மோட்டாரைக் கழற்றினார். ஒரு ரப்பர் வாஷர்தான் போயிருந்தது. பத்து நிமிஷ வேலை.