சொறியாத காஞ்சொறி

சுகுணா பிறந்தது மலையடியில், சேந்தமங்கலத்தில். கட்டிக்கொடுத்தது கொல்லிமலையில், எடப்புளி நாட்டுக் காளியண்ணனுக்கு. மலையேறிய முதல் வாரமே ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள் காஞ்சொறியில் கைவிட்டு, முழங்கை வரை தடித்து இரண்டு நாள் தவித்தாள். அப்புறம் அந்தச் சாடையில் எந்தச் செடியைக் கண்டாலும் ஒதுங்கித்தான் நடந்தாள்.

மறுவருசம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. உயிரில்லை. ஊற்றுக்கு மேலே, வருசம் முழுக்க நீர் கசிகிற ஓரம்பு நிலத்தின் கரையில் காளியண்ணன் தன் கையால் குழி தோண்டிப் புதைத்தான். பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, இப்போது நாமக்கல்லில் படிக்கிறார்கள். முதல் குழந்தையைப் பற்றி வீட்டில் பேச்சே எழாது. விறகுக்குப் போகிற சாக்கில் சுகுணா மட்டும் அங்கே சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள்.

முதன்முதலில் போன அன்று அழுத அழுகையில் எதன்மேல் சாய்ந்தோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்தால் சுற்றிலும் காஞ்சொறி. கன்னமெல்லாம் இலையில் பதிந்திருந்தது. இதோ அரிக்கப் போகிறது என்று பயந்துபோய்க் காத்திருந்தாள். அரிக்கவே இல்லை. அன்றுதான் செடியை உற்றுப் பார்த்தாள். இலைகள் நேருக்கு நேர் ஜோடியாக இருந்தன. ஓரமெல்லாம் ரம்பப் பல். காம்போரத்தில் தினையைக் கோத்துத் தொங்கவிட்டது போலப் பச்சைப் பொடிப் பூக்கள். பூவென்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

இந்த ஐப்பசியில் நூறுநாள் வேலை அந்த ஓரம்புக்கே வந்தது.

"சொறிச்செடி மொத்தத்தையும் அறுத்துத் தள்ளிருங்க. ஊத்துக்குப் போற பிள்ளைங்க மேலெல்லாம் தடிச்சுக்கிட்டு வருதுங்க" என்றார் வேலையைப் பார்த்துக்கொள்ளும் சதீஷ்குமார்.

பெண்கள் அருவாளோடு இறங்கினார்கள். சுகுணாவுக்குக் கை எழவில்லை.

"தம்பி, வழியோரத்துல நிக்குற அந்த ரெண்டு புதருதானுங்க சொறியும். உள்ள இருக்கறது வேற செடிங்க."

"எல்லாம் ஒண்ணாத்தானே இருக்குதுங்கக்கா?"

அவள் சேற்றில் இறங்கி, ஒரு கொத்தை வளைத்து முகத்தோடு அணைத்துக்கொண்டாள். கூட வந்த பொன்னாயி, "ஐயோ, சாமி!" என்று அலறிவிட்டாள். சுகுணா அப்படியே நின்றாள். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு தடிப்பும் இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

சதீஷ்குமார் வழியோரப் புதர்களை மட்டும் வெட்டச் சொல்லிவிட்டு, மற்றதைப் படமெடுத்துக் கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தரும் கோகிலவாணிக்கு அனுப்பினார்.

மூன்றாம் நாள் அவளே பஸ் ஏறி வந்தாள். ஓரம்பில் மண்டியிட்டு, இலையைப் புரட்டி, கண்ணாடி வில்லையைப் பூவில் வைத்துப் பார்த்தாள்.

"அக்கா சொன்னது சரிதாங்க. இது போமேரியா வகை. காஞ்சொறிக் குடும்பந்தான், ஆனா கொட்டுற மயிரு இதுல கிடையாது. ஈரத்துலயே வளர்ற நம்ம மண்ணுச் செடி" என்றவள், சுகுணாவைப் பார்த்துக் கேட்டாள்: "இவ்வளவு நுணுக்கமா எப்படிங்கக்கா கண்டுபிடிச்சீங்க?"

"இங்க அடிக்கடி வருவேனுங்க."

ஓரம்பு அறுபடாமல் நின்றது.

சாயங்காலம் காளியண்ணன் மிளகுக்கொடி கட்டிவிட்டு வந்தான். செய்தி அவன் காதுக்கும் எட்டியிருந்தது. வாசலிலேயே நின்றான்.

"அங்க போயிட்டுத்தான் இருக்கியா புள்ள?"

"ஆமாங்க."

"நானும் போவேன். வருசத்துக்கு ஒருக்கா, அந்தத் தேதியில. நீ அழுவியேன்னுதான் சொல்லல."

சுகுணா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருசத்தில் இந்தப் பேச்சு இதுதான் முதல் தடவை. அவன் சட்டையில் ஒட்டியிருந்த மிளகு இலையை எடுத்துவிட்டாள். அப்புறம் இருவரும் படியில் உட்கார்ந்தார்கள்.

"பாப்பாவுக்கு மூக்கு உங்களாட்டம்" என்றாள்.

"இல்ல, உன்னாட்டம்" என்றான் அவன்.

அடுப்பில் வைத்த சோறு குழைகிற வரை அவர்கள் அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.