கம்பியில் இருந்த மின்சாரம்

என் மனைவியின் தம்பி மாரடைப்பில் போனான் என்று உறவில் எல்லோரும் சொல்கிறார்கள். பௌர்ணமியன்று, கிரிவலப் பாதையில், கையில் கிட்டாரோடு போனதால் அதைக் கொடுத்துவைத்த சாவு என்றும் சொல்கிறார்கள். அவனைக் கொன்றது நான் சீர்செய்து கொடுத்த கருவி. போன வாரம்வரை இது எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

இளவயதில் அவன் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தான். அரசு வேலை கிடைத்ததும் கிட்டாரையும் அதன் ஆம்ப்ளிஃபையரையும் எங்கள் வீட்டுப் பரணில் போட்டுவிட்டு மறந்துபோனான். ஓய்வு பெற்று, இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வேங்கிக்கால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு ஒருநாள் அந்த நினைப்பு வந்தது.

“மாமா, அது இன்னும் இருக்குதா, பழைய இரும்புக்குப் போட்டுட்டீங்களா?”

“உங்க அக்கா இருக்கிற வீட்ல எந்தப் பழசும் வெளிய போவாது.”

“அதான் உங்களயும் வச்சிருக்காங்க போல” என்றான். உள்ளேயிருந்து என் மனைவி சிரித்தது கேட்டது.

நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். சால்டரிங் கோலைத் தொட்டுப் பல வருடமாகியிருந்தது. கிட்டாரைத் திறந்ததும் பழைய மரமும் துருவும் கலந்த ஒரு வாசனை வந்தது. சிவப்புப் பெயின்ட் பழுத்துக் காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறியிருந்தது. கிட்டாரின் கழுத்தில் அவன் கட்டைவிரல் உரசி உரசி வார்னிஷ் போய், மரம் தோல்போல வழவழத்தது. ஓரிடத்தில்கூட உப்புத்தாள் போடவில்லை. அறுந்த இணைப்புகளைப் பற்றவைத்தேன். கரகரத்த குமிழ்களைச் சுத்தம் செய்து புதுக் கம்பிகள் பூட்டினேன். ஆம்ப்ளிஃபையரில் வால்வுகள் மெல்லச் சிவந்து உயிர் பிடித்தபோது எனக்குக் கண் கலங்கியது. முதல் கம்பியை மீட்டினேன். ஒலி உடனே எழவில்லை. ஒரு மூச்சு பொறுத்து, மயிலிறகுபோல விரிந்தது.

அதே நொடியில் விரலில் சுருக்கென்றது.

டெஸ்டரைக் கம்பியில் வைத்துப் பார்த்தேன். அதன் வயிற்றுக்குள் ஒரு செம்பொட்டு மங்கலாக எரிந்தது. காரணம் எனக்குத் தெரிந்ததுதான். ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்கு எர்த் கிடையாது. உள்ளே பழைய கண்டன்சர் ஒன்று கசிகிறது. அது முழுக்கக் கெட்டால் வீட்டு மின்சாரம் அப்படியே கம்பிக்கு வந்துவிடும். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மூன்று பின் உள்ள வயரைப் போட்டிருக்க வேண்டும், ஒருநாள் வேலை. ஆனால் தடித்த புது வயர் நுழையப் பின்தகட்டில் பெரிய துளை போட வேண்டும். துணி சுற்றிய அந்தப் பழைய வயர், கம்பெனி முத்திரை அழியாத அந்தத் தகடு, எல்லாமே வந்தபடி இருக்க வேண்டுமென்று எனக்கு ஆசை. இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினேன். டெஸ்டரில் பொட்டு அணைந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

அவன் வந்து கட்டிலில் சம்மணம் போட்டு வாசித்தான். அவன் கை நடுங்கவேயில்லை.

“லேசாக் கடிக்குது மாமா.”

“பிளக்கைத் திருப்பிப் போடு, போயிடும்.”

“இருக்கட்டும். அந்தக் காலத்துலயும் கடிக்கும். கடிச்சாத்தான் நம்ம பொருள்னு தெரியும்.”

நானும் சிரித்தேன்.

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் எங்கள் உறவுக்காரர்கள் பௌர்ணமிதோறும் பந்தல் போட்டு அன்னதானம் செய்வார்கள். அந்த மாதம் அங்கே தான் வாசிப்பதாகச் சொன்னான். சாயங்காலம் போனோம். வெயில் இறங்கியும் தார்ச்சாலை கொதித்தது. வெறுங்காலோடு சுற்றிவருகிறவர்களுக்குச் சுடாமலிருக்க ஒருவர் டேங்கர் குழாயால் சாலைக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பந்தலுக்குள்ளும் ஓடி வந்து மண்ணைச் சேறாக்கியது. சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் ஆம்ப்ளிஃபையரை வைத்தார்கள். மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வந்தது. அதில் பிளக்கின் எந்தப் பக்கம் சரியென்று நான் சோதிக்கவில்லை. டெஸ்டர் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

அவன் ரப்பர் செருப்பைப் பந்தலுக்கு வெளியே கழற்றிவிட்டு வந்தான். யாராக இருந்தாலும் அங்கே கழற்றத்தான் செய்வார்கள். ஈரத்தில் அவன் பாதங்கள் பதிந்ததைப் பார்த்தேன். வீட்டில் அவன் காலைத் தரையில் வைத்தே வாசித்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“இருடா, ஒரு பலகை போடலாம்” என்று சொல்ல வாய் திறந்தேன். எதற்கென்று கேட்பார்கள். எல்லாம் சரிசெய்துவிட்டேன் என்று பந்தி பரிமாறுகிறவர்கள்வரை பெருமையடித்திருந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

வாசிக்கத் தொடங்கினான். சோற்றுத் தட்டோடு ஜனங்கள் நின்றார்கள். ஒரு கிழவி, “நல்லாத்தான் இழுக்கிறான்யா” என்றாள். பிறகு ஸ்பீக்கரில் பெரிய உறுமல் எழுந்தது. அவன் விறைத்தான். கிட்டாரின் கழுத்தைப் பிடித்த கை விடவில்லை. நான் பிளக்கைப் பிடுங்கினேன். அதன் பிறகுதான் விழுந்தான்.

ஓடி வந்தவர்களுக்கு அவன் ஸ்டென்ட் வைத்தவன் என்று தெரியும். “ஹார்ட்டுதான், ஹார்ட்டுதான்” என்றார்கள். ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் சொன்னார்கள். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவன் இடது விரல்களில் கம்பி சுட்ட மெல்லிய கருங்கோடுகள் இருந்தன. நான் அந்தக் கையை மூடி, என் கைக்குள் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிவரை போனேன். தம்பியின் கையை நான் விடவேயில்லை என்று என் மனைவி அதன் பிறகு எல்லோரிடமும் சொல்லிவந்தாள்.

போன வாரம் அவன் மகன் வந்தான். “மாமா, இந்தப் பௌர்ணமிக்கு அப்பா நின்ன எடத்துலயே நான் வாசிக்கலாம்னு இருக்கேன். பெட்டியைக் கொடுங்க.”

“கொடுங்களேன்” என்றாள் என் மனைவி. “என் தம்பி பேரு நெலைக்கட்டும்னா வேணாம்னா சொல்வீங்க?”

பெட்டி ரிப்பேர் என்று ஒரு பொய் சொன்னால் போதும், அவன் திரும்பிப் போய்விடுவான். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. அவனோ, ரிப்பேர் ஏதும் இருந்தாலும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிக்கொள்கிறேன் என்று ஆம்ப்ளிஃபையரின் பிடியில் கை வைத்துவிட்டான்.

“உங்கப்பனுக்கு ஹார்ட் அட்டாக் இல்லடா. ஷாக். எனக்கு முன்னாடியே தெரியும்” என்றேன்.

பையன் கையை எடுத்துக்கொண்டான். என் மனைவி என் பக்கம் திரும்பினாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவன் கையை அதுக்குத்தான் புடிச்சிருந்தீங்களா?”

ஆமாம் என்றேன்.