புளூட்டோவுக்கு ஒரு மேஜை

பள்ளிக்கூடங்களுக்குச் சூரியக் குடும்ப மாதிரி செய்து அனுப்பும் பட்டறையில் அவளுக்குப் பட்டப்பெயரே புளூட்டோதான். மற்ற உருண்டைகளுக்கு மூன்று நான்கு பேர் சேர்ந்து வண்ணம் அடிப்பார்கள். கோலிக்குண்டு அளவுள்ள கடைசி உருண்டைக்கு ஒரே ஆள் போதும். ஜன்னலோரம் குட்டி மேஜை, ஒரு நாற்காலி. பதினேழு வருடம் அதில்தான் இருந்தாள்.

வீட்டில் மாமியார், இரண்டு நாத்தனார்கள், கொழுந்தன் குடும்பம் என்று பதினோரு பேர், அறை மூன்று. தலை வாரவும் வரிசையில் நிற்க வேண்டும். வாரவிடுமுறைக்காகச் சங்கம் ஊர்வலம் போனபோது விடுமுறையே வேண்டாம் என்றவள் இவள் ஒருத்திதான். சங்கச் செயலாளரான நான் நன்றாகத் திட்டியிருக்கிறேன்.

அப்புறம் வானியலாளர்கள் மாநாடு கூடி ஓட்டெடுத்தார்கள். சூரியனைச் சுற்ற வேண்டும், உருண்டையாக இருக்க வேண்டும், தன் பாதையில் அக்கம்பக்கத்தைக் காலி செய்திருக்க வேண்டும், அதுதான் கோள். மூன்றாவதில் புளூட்டோ தேறவில்லை. ஒன்பது எட்டானது. மேலாளர் மேஜையைத் தூக்கிவிட்டு, இவளைச் சனியின் வளையத்துக்கு வண்ணம் அடிக்கும் மேஜையில் மூன்று பேரோடு நாலாவதாக நெருக்கி உட்கார வைத்தார்.

சங்க அறைக்கு வந்து மனு எழுதச் சொன்னாள். யாருக்கு என்றேன். ஓட்டுப் போட்டவர்களுக்கு என்றாள்.

படித்துப் பார்த்தேன். வழக்கு மோசம். ஆதியில் சூரியனும் சந்திரனும்கூடக் கோள்தான், பூமி இல்லை. பிறகு பூமி உள்ளே, அவை வெளியே. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் அகப்பட்ட சீரிஸ் என்ற குட்டி உருண்டை, ஐம்பது வருடம் போலக் கோளாக இருந்தது. சுற்றிலும் அதே மாதிரி நிறைய தென்பட்டதும் அதற்கும் சீட்டுக் கிழிந்தது. புளூட்டோவைச் சுற்றியும் அப்படித்தான் கூட்டம் என்று விளக்கினேன்.

"கூட்டத்துக்குள்ள இருந்தா அது அதோட தப்பா அண்ணே? எங்க வீட்ட வந்து பாக்கச் சொல்லுங்க. நான் மட்டும் தேறுவேனா?"

ஓட்டுப் போட்டவர்களை விட்டுவிட்டு மனுவை மேலாளருக்கு எழுதினேன்: எந்த உருண்டையானாலும் அடிப்பாள், மேஜையை மட்டும் திருப்பிக் கொடுங்கள். இடமில்லை என்றார். ஜன்னலோரம் அட்டைப்பெட்டிகள் ஏறின.

மூன்று வருடம் கழித்து அவளை மேற்பார்வைக்குக் கூப்பிட்டார்கள். சேதி சொல்லப் போனேன்.

"தனியா மேஜை தருவாங்களா அண்ணே?"

"இல்லம்மா. நடந்துக்கிட்டே பாக்கணும்."

"அப்ப வேணாம்."

பதவி உயர்வு கேட்டே தொண்டை கட்டியவன் நான். அன்றைக்கு வற்புறுத்தவில்லை. வேலை, வளைய மேஜையில் அவளுக்கு இடப்பக்கம் இருந்தவளுக்குப் போயிற்று. அந்தப் பக்கம் இப்போது முழங்கையை நீட்ட முடிகிறதாம்.